ஜியு-ஜிட்சு: சிலருக்கு மட்டும் சுலபமா வருதே, பிறவித் திறமையா?

ஈப்போரோட்டு மாமா:
வணக்கம். அக்கா மகனுக்கு 16 வயசு, 61 கிலோ. கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் வாரம் 3 நாள் ஜியு-ஜிட்சு (எதிராளியைத் தரையில பிடிச்சு அடக்கற கலை) பழகறான், 8 மாசம் ஆச்சு. போன 3 மாசத்துக்குள்ள வந்து சேர்ந்த பையன் ஒருத்தன், ஏறக்குறைய அதே எடை, இவனைத் தள்ளிப் போட்டு நெஞ்சு மேல ஏறி உக்காந்துடறான். ஏறிட்டா அவ்வளவுதான், இவனால வெளிய வரவே முடியல. "எனக்கு இது வராது மாமா"ன்னு கீயை (பயிற்சி உடுப்பை) மடிச்சு அலமாரியில வெச்சுட்டான். கேள்வி ரெண்டு. இதெல்லாம் பிறக்கும்போதே கூட வர்றதா? தனி வகுப்புக்குப் பணம் கட்டினா பலன் இருக்குமா?

பிடிவிடாதவன்:
மாமா, முதல்ல அந்தப் பையன் இதுக்கு முன்னாடி என்ன பழகினான்னு விசாரிங்க. ஆரம்பநிலை வெள்ளை பெல்ட் கட்டி வர்றவங்க எல்லாரும் புதுசு இல்ல. ஜூடோ பழகின உடம்பு விழறதுக்குப் பயப்படாது, காலரைப் பிடிச்சா விடாது. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினவன் தலைகீழா உருண்டாலும் தரை எந்தப் பக்கம்னு அவனுக்குத் தெரியும். சிலம்பம் ஆடினவனுக்குக் காலடி இருக்கும், தூரம் கணிக்கத் தெரியும், ஆனா மல்லாந்து படுத்தா அது உதவாது. இந்தப் பழைய பழக்கம்தான் ஆரம்ப மாசங்கள்ல திறமை மாதிரி தெரியுது.

இப்ப உங்க பையன். மவுண்ட்ல இருந்து (மேல ஏறி உக்காரற அந்தப் பிடிக்கு அதான் பேரு) வெளிய வரத் தெரியலைன்னா அவன் அதைத் தனியாப் பழகலைன்னு அர்த்தம். பெரும்பாலான வகுப்புகள்ல ஒரு அசைவை எதிர்ப்பே இல்லாம 10 தடவை செய்யச் சொல்வாங்க, உடனே முழு ஸ்பாரிங், அதாவது நிஜமாவே மோதிப் பழகறது. அந்த 5 நிமிஷ ரவுண்டுல, மூச்சு தெளிவா இருக்கும்போது, மவுண்டுக்கு அடியில அவனுக்கு எத்தனை வாய்ப்பு கிடைக்கும்? ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு.

பிரிட்ஜ் போட்டு, அதாவது மல்லாந்தபடி இடுப்பை எம்பி, மேல இருக்கறவனை உருட்டறதுல எங்க கெடுதுன்னு சொல்றேன், அடுத்த வகுப்புல நீங்களே பாருங்க. முதல் தப்பு பாதம். குதிகால் பிட்டத்துக்கு ஒரு ஜாண் தூரத்துல இருக்கணும். ஒரு முழம் தள்ளி இருந்தா தொடையில வேகம் வராது, இடுப்பு அரையடி எழும்பிட்டு இறங்கிடும். ரெண்டாவது, மேல இருக்கறவனோட ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் பூட்டாம உருட்டறது. கை சும்மா இருந்தா அதைத் தரையில ஊணித் தப்பிச்சுடுவான். மணிக்கட்டை ஒரு கையால, முழங்கைக்கு மேல இன்னொரு கையால பிடிச்சு நெஞ்சோட ஒட்டிக்கணும். உங்க பாதம் அவன் பாதத்துக்கு வெளிப்பக்கம் கொக்கி மாதிரி நிக்கணும். மூணாவது, நேரா பக்கவாட்டுல புரள்றது. அப்படிப் புரண்டா அவன் முட்டியே முட்டுக்கொடுத்துடும். முதல்ல இடுப்பை மேல தூக்கி, பூட்டின பக்கத்துத் தோளுக்கு மேல மூலைவாட்டாப் போகணும். கண்ணு அந்தத் தோளுக்குப் பின்னாடி இருக்கற சுவரைப் பார்க்கட்டும், உடம்பு தானா திரும்பும்.

இன்னொரு வழி முழங்கையும் முட்டியும் சேர்த்துத் தப்பிக்கறது. அதுல எல்லாரும் பண்ற தப்பு, நீட்டின கையால நெஞ்சைத் தள்றது. அது ஆர்ம்பாருக்கு (முழங்கையை எதிர்ப்பக்கம் மடக்கற பூட்டுக்கு) நாமளே கையைத் தட்டுல வெச்சுக் கொடுக்கற மாதிரி. முன்கையை அவன் இடுப்பெலும்புல வெச்சு, பக்கவாட்டாப் படுத்து, கீழ்முட்டியைத் தரையோட உரசி உள்ள கொண்டு வரணும். அவன் முட்டி உங்க அக்குளுக்கு ஏறிட்டா இந்த வழி செல்லாது. அதனால ஏறின முதல் 2 விநாடியிலேயே முழங்கை ரெண்டும் விலாவுல ஒட்டியிருக்கணும்.

பழகற முறை: மவுண்ட்லயே தொடங்குங்க, 3 நிமிஷம். மேல இருக்கறவனுக்கு ஒரே வேலை, உக்காந்தே இருக்கணும். நெரிக்கறது, கையை முறுக்கறது எதுவும் கூடாது. தப்பிச்சா மறுபடி அதே இடம். எத்தனை தடவை வெளிய வந்தான்னு எழுதி வைங்க. வாரம் 3 நாள், நாளுக்கு 2 ரவுண்டு. 4 வாரத்துல எண்ணிக்கை ஏறுதான்னு பார்த்துட்டு அப்புறம் "வராது"ன்னு சொல்லட்டும்.

எண்ணிக்கை எழுத்து:
பிடிவிடாதவன் சொல்றது சரி, ஆனா பிறவின்னு ஒண்ணே இல்லைன்னு முடிவு கட்டிடாதீங்க. ஹெரிட்டேஜ் குடும்ப ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 481 பேரை 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் மிதிக்க வெச்சாங்க. நிமிஷத்துக்கு உடம்பு எடுத்துக்கற உச்ச ஆக்ஸிஜன் சராசரியா 400 மில்லிலிட்டர் கூடிச்சு. சிலருக்கு ஏறக்குறைய ஒண்ணுமே கூடல, சிலருக்கு 1 லிட்டருக்கு மேல. அந்த வித்தியாசத்துல ஏறக்குறைய பாதி குடும்ப வழி வந்ததுன்னு 1999ல கணக்குச் சொன்னாங்க. ஒரே பயிற்சிக்கு ஒருத்தன் உடம்பு எவ்வளவு மாறும்ங்கறதுலயும் பிறவிக்குப் பங்கு இருக்கு.

10,000 மணி நேரம் பழகினா யாரும் உச்சத்துக்குப் போயிடலாம்ங்கற கதையை யாராவது எடுத்துட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். உளவியலாளர் எரிக்சனோட 1993 ஆய்வு பெர்லின்ல வயலின் மாணவர்களைப் பத்தினது. 10,000ங்கறது சிறந்த குழு 20 வயசுக்குள்ள சேர்த்த நேரத்தோட சராசரி, வாசல் இல்ல. அந்தக் குழுவுலயே பல பேர் அந்த எண்ணைத் தொடல. 2016ல விளையாட்டு ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தப்போ, ஆட்டக்காரங்களுக்கு இடையில இருக்கற வித்தியாசத்துல 18 சதவீதத்தைத்தான் திட்டமிட்ட பயிற்சி விளக்குச்சு. உச்சத்துல இருக்கறவங்களை மட்டும் எடுத்தா 1 சதவீதம். உச்சத்துல எல்லாரும் மாடு மாதிரி உழைச்சவங்க, அதனால உழைப்பு அவங்களைப் பிரிச்சுக் காட்டாது. செந்தூல் வெள்ளை பெல்ட்டுக்கு இந்த 1 சதவீதத்தைப் பொருத்தாதீங்க.

16 வயசுங்கறதையும் கவனிங்க. ரெண்டு பேரும் 61 கிலோ, ஆனா ஒருத்தன் ரெண்டு வருஷம் முன்னாடியே வளர்ந்து முடிச்சு மீசையோட இருக்கலாம், இன்னொருத்தன் இன்னும் உயரமாகிட்டு இருக்கலாம். தராசு அதைச் சொல்லாது.

கெப்போங் காலர்:
உடல்வாகை யாரும் பேசலையே. நீளக் கால்காரனுக்கு டிரையாங்கிள் (கழுத்தைக் காலால நெரிக்கற பிடி) பூட்டறது சுலபம். குட்டையா கட்டையா இருக்கறவனைப் புரட்டறது கஷ்டம், அவன் மேல இருந்து அழுத்தற ஆட்டம் ஆடணும். ரெண்டு பேருக்கும் ஒரே பாடம் நடத்தினா ஒருத்தன் "திறமை இல்லாதவன்" ஆயிடறான். இது பயிற்சியாளர் பக்கத்துத் தப்பு லா.

அமெரிக்க வீரர் பி.ஜே. பென்னை எல்லாரும் உதாரணம் சொல்வாங்க. 1997 வாக்குல தொடங்கி 2000ல கறுப்பு பெல்ட், அதே வருஷம் கறுப்பு பெல்ட் பிரிவுல உலகப் பட்டம். பிரேசில்காரர் அல்லாத ஒருத்தர் அதை வாங்கினது அதுதான் முதல் தடவை. அந்த மாதிரி இடுப்பு வளைவு எல்லாருக்கும் கிடைக்காது, ஒத்துக்கறேன். ஆனா சாதாரணமா அந்தப் பெல்ட்டுக்கு 10 வருஷம் பக்கம் ஆகும். அவரை வெச்சு 8 மாசப் பையனை அளக்காதீங்க.

மாமா, நீங்க "தள்ளிப் போட்டு"ன்னு எழுதினீங்களே, பிரச்சினை அங்கேயே தொடங்குது. போட்டி விதிப்படி தள்ளிப் போட்டதுக்கு 2 புள்ளி, மவுண்ட்ல 3 விநாடி நிலைச்சா 4. மவுண்ட்ல இருந்து வெறுமனே தப்பிச்சதுக்கு ஒண்ணும் கிடையாது. அதனால நிக்கும்போதே காலர் பிடியை எடுக்கக் கத்துக்கணும். அவன் சட்டைக் கைநுனியை ரெண்டு கையாலும் பிடிச்சு, கையை முன்னாடி அப்படியே நிறுத்தி, இடுப்பையும் நெஞ்சையும் சட்டுனு பின்னாடி எடுக்கணும். கை பலத்துல மட்டும் இழுத்தா விரல்தான் வலிக்கும். ஒரு ரவுண்டு முழுக்க பிடி எடுக்கறது மட்டும், தள்றது கிடையாதுன்னு விளையாடச் சொல்லுங்க.

பாயான்பாரு அண்ணன்:
பினாங்குல இருந்து. கூட்டாளியைப் பத்தி ஒரு வார்த்தை. சின்ன ஜிம்ல 60 கிலோ பக்கம் ரெண்டே பேர் இருந்தா, பையன் ஒருத்தன்கிட்டயே தோத்துத் தோத்து அவனுக்கு மட்டும் பயப்படப் பழகிடுவான். மூணு வகை ஆள் வேணும்: தன்னைவிடக் கொஞ்சம் குறைஞ்சவன், சமமானவன், மேலானவன். புது அசைவைக் குறைஞ்சவன்கிட்டத்தான் முதல்ல வேலை செய்ய வைக்கணும். இந்தப் பையன் தினமும் மேலானவன்கிட்டயே சோதனை பண்றான், அதான் ஒண்ணுமே ஒட்டல. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பசங்க பாலம் கடந்து வந்து பழகறது இதுக்காகத்தான். கோலாலம்பூர்ல உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லையே, எல்லா ஜிம்லயும் பொது மேட் நேரம் (வெளி ஆளுங்களும் வந்து பழகற நேரம்) இருக்கான்னு கேளுங்க.

அப்புறம் நம்ம ஊர் வெக்கை. ஈரக் கீயைப் பையில விட்டா படர்தாமரை வரும், மருந்து போட்டு ஆறற வரைக்கும் மேட்ல இறங்கக் கூடாது. மாசத்துல ரெண்டு வாரம் அப்படிப் போனா எந்தத் திறமையும் நிக்காது. அன்னைக்கே துவைச்சு அன்னைக்கே காயப் போடணும், முடிஞ்சதும் உடனே குளிக்கணும்.

ஈப்போரோட்டு மாமா:
எல்லாருக்கும் நன்றி. விசாரிச்சேன், அந்தப் பையன் பள்ளிக்கூடத்துல 2 வருஷம் ஜூடோ போயிருக்கான். போன்ல இவன் ரவுண்டு ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். பாதம் ரொம்ப தூரத்துல இருக்கு, ஒவ்வொரு தடவையும் பூட்டாமலே எம்பறான். தனி வகுப்பு பத்தி மட்டும் யாரும் சொல்லல.

பிடிவிடாதவன்:
வாராவாரம் வேணாம் மாமா. மாசம் ஒண்ணு, 45 நிமிஷம், ஒரே விஷயத்துக்கு. அதுக்கு முன்னாடி 3 ரவுண்டு வீடியோ எடுத்துட்டுப் போங்க. போனை மேட் ஓரத்துல, இடுப்பு உயரத்துல, பக்கவாட்டா வைங்க. மேல இருந்து எடுத்தா குதிகால் எங்க இருக்குன்னு தெரியாது. வகுப்புல புதுசா எதையும் கேக்காம, அந்தத் தப்பை மட்டும் திருத்தித் தரச் சொல்லுங்க. மீதி நாள்ல அவன் அந்த 3 நிமிஷ ரவுண்டை ஓட்டிட்டு இருக்கட்டும். ஜூடோ பையனையே மேல உக்காரச் சொல்லிக் கேளுங்க, ஒத்துக்குவான். அவனுக்கும் மவுண்ட்ல நிலைச்சு உக்காரற பழக்கம் வேணுமே.