தரம் 7 குளம் மாதிரி: மட்டை, களிமண், பப்பாசிக் காம்பு

(பெற்றோர் – ஆசிரியர் வாட்ஸ்அப் குழு, கிளிநொச்சி)

சுபா, மாலை 6.42
ரீச்சர், பிள்ளை வந்து குளம் செய்யோணும் எண்டு நிக்கிறா. கடையில ரெஜிபோம் வாங்கி நீலப் பெயின்ற் அடிச்சு விடட்டே?

தர்சினி ரீச்சர், 6.47
வேண்டாம் சுபா. அது வடிவாத்தான் இருக்கும், ஆனா பிள்ளை படிக்கிறதுக்கு அதுக்குள்ள ஒண்டுமில்லை. பாடம் சமவுயரக்கோடு. பெயின்ற் கடைசி வேலை, இல்லாட்டியும் பரவாயில்லை.

தர்சினி ரீச்சர், 6.55
முதல்ல களிமண். பேசினுக்குள்ள 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு குட்டிக் குளம். ஒரு பக்கம் கடுஞ்சரிவாக் குளக்கட்டு, மற்றப்பக்கம் மெல்லச் சரியிற அலைகரை. ஆழம் 4 செ.மீ. கொஞ்சம் மணல் கலந்து பிசையுங்கோ. வெறுங்களி காயேக்க சுருங்கி வெடிக்கும். ஒரு நாள் நிழலில வையுங்கோ. பச்சையா இருந்தா தண்ணி விட்டவுடன கரை இடிஞ்சு விழும்.

சுபா, 6.57
அதுக்குப் பிறகு தண்ணியே?

தர்சினி ரீச்சர், 7.03
ஓம். ஆழமான இடத்தில அடிமட்டத்தை (ரூலரை) நிமிர்த்திக் குத்தி வைச்சு, ஒவ்வொரு 5 மி.மீ.க்கும் தண்ணி விடோணும். தண்ணி நிக்கிற விளிம்பை உடன ஈர்க்கால கீறோணும். சுணங்கினா களி தண்ணியை உறிஞ்சி மட்டம் இறங்கிப்போம். எட்டுத்தரம் விட்டா எட்டுக் கோடு. தண்ணி விளிம்பெல்லாம் ஒரே உயரந்தானே, அதான் சமவுயரக்கோடு. இதைக் கையால செய்த பிள்ளைக்கு வரைவிலக்கணம் பாடமாக்கத் தேவையில்லை.

குகன் சேர், 7.06
ரெண்டு பிழை வழமையா வரும். அடிமட்டத்தில 0 நுனியில தொடங்காது, முன்னால கொஞ்ச இடம் விட்டிருக்கும். அந்தளவைக் களிக்குள்ள தாழுங்கோ. மற்றது மேசை. சரிஞ்ச மேசையில வைச்சா ஒரு பக்கக் கோடெல்லாம் நெருங்கி நிக்கும், பிள்ளை அதைச் சரிவெண்டு நினைக்கும்.

சிவம் அண்ணை, 7.10
கட்டுப்பக்கம் கோடு நெருங்கும், அலைகரைப் பக்கம் விலகி நிக்கும். மாசியில தண்ணி வத்தேக்க குளத்தடியில பாருங்கோ, அலைகரையில தண்ணி கிடுகிடெண்டு பின்வாங்கும், கட்டடியில அசையாத மாதிரி நிக்கும்.

சுபா, 7.11
அண்ணை, அப்ப பிள்ளையளைக் குளத்தடிக்கே கூட்டிக்கொண்டு போகலாமே?

சிவம் அண்ணை, 7.12
கட்டில நிண்டு பார்க்கட்டும், கீழ இறங்க விடாதேங்கோ. முதலை கிடக்கிற குளங்கள்.

தர்சினி ரீச்சர், 7.20
கீறின கோட்டைக் கடதாசிக்கு எடுக்க, பேசினுக்கு மேல மெல்லிய பொலித்தீனை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடி, நேர மேலயிருந்து மார்க்கரால கீறச் சொல்லுங்கோ. சரிஞ்சு பார்த்தா கோடு விலகும். பிறகு 2 செ.மீ. சதுரங்கள் போட்டு, பெரிய கடதாசியில 4 செ.மீ. சதுரங்களுக்கு மாத்துங்கோ. 20 செ.மீ. குளம் 40 செ.மீ. ஆகும்.

குகன் சேர், 7.22
அங்க விகிதப் பாடம் தானா முடிஞ்சிடும் 😄

தர்சினி ரீச்சர், 7.31
இனி மட்டை. 3 மி.மீ. தடிப்புக் காட்போட், 50 × 45 செ.மீ. அளவில ஒன்பது துண்டு. அடித்துண்டு முழுசு. மற்ற எட்டிலயும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஓட்டை, கீழ சின்னது, மேல போகப்போகப் பெரிசு. தலைகீழா ஒட்டினா குளம் வராது, உள்ளுக்க குடைஞ்ச குகைதான் வரும். ஒட்ட முதல் 1 தொடக்கம் 8 வரை இலக்கம் எழுதிக்கொள்ளுங்கோ.

சுபா, 7.33
கோதுமை மாப்பசை காய்ச்சலாமே?

தர்சினி ரீச்சர், 7.36
மட்டைக்கு வேண்டாம். பசையில இருக்கிற தண்ணி மட்டையின்ர ஒரு முகத்தை ஊதப்பண்ணும், மட்டை வளையும். பைண்டர் கம்மை மெல்லிசாப் பூசி, மேல செங்கல் வைச்சு இரவு முழுக்க விடுங்கோ. மாரியில மாப்பசைக்குப் பூஞ்சணமும் எறும்பும் வேற. பழைய ஆக்கள் சொல்லுறாங்கள் எண்டு துத்தம் போட்டுடாதேங்கோ, நஞ்சு.

தர்சினி ரீச்சர், 7.41
முக்கியமா, வெட்டி எடுத்த நடுத்துண்டுகளை எறியாதேங்கோ. அதுகளைப் பெரிசு கீழ, சின்னது மேல வைச்சு அடுக்கினா ஒரு மலை. அதே எட்டுக் கோடு! குளத்தையும் மலையையும் வரைபடத்தில பிரிச்சுக் காட்டிறது இலக்கம் மட்டும்தான், உள்ளுக்குப் போகப்போக ஏறுதா இறங்குதா எண்டது. பிள்ளையள் கூடுதலா மாட்டுப்படுறதும் அதிலதான்.

சுபா, 7.43
நல்லாருக்கு! ஆனா எங்கட பிள்ளைக்கு இரணைமடுக் குளந்தான் வேணுமாம்.

குகன் சேர், 7.50
இரணைமடு 36 அடி, கிட்டத்தட்ட 11 மீற்றர் ஆழம். ஆனா எங்கட அளவுத்திட்டம் 1 செ.மீ.க்கு 10 மீற்றர். அதில இரணைமடு வகுப்பறைக்குள்ள அடங்காது. 400 மீற்றர் அகலமான ஊர்க்குளம் எண்டு வையுங்கோ, மாதிரியில 40 செ.மீ. வரும். அந்தக் குளத்தின்ர ஆழம் 4 மீற்றர். அதே அளவில போட்டா 4 மி.மீ.தான், கண்ணுக்கே தெரியாது. அதாலதான் ஒரு மட்டைக்கு அரை மீற்றர். 8 மட்டை 24 மி.மீ., உண்மையைவிட 6 மடங்கு உயர்த்தியிருக்கு. இதை மாதிரியின்ர மூலையில எழுதாட்டி நான் புள்ளி குறைப்பன்.

குகன் சேர், 7.58
பிறகு மட்டைக்குள்ள லஞ்ச் சீற்றைத் தளர்வா விரிச்சு, 250 மில்லி 250 மில்லியாத் தண்ணி விட்டு மட்டத்தைக் குறிக்கோணும். சீற்றை இழுத்துப் பிடிச்சா மூலைகள் நிரம்பாது, கணக்குப் பிழைக்கும். முதல் 250க்கு மட்டம் சட்டெண்டு ஏறும், பிறகு பிறகு ஏறுற அளவு குறையும். வரைபு கீறச் சொல்லுங்கோ, நேர்கோடு வராது. வந்தா, பிள்ளை அளக்காமல் எழுதியிருக்கு எண்டு அர்த்தம்.

சிவம் அண்ணை, 8.01
சேர், அந்த 250 மில்லி எத்தினை ஏக்கர் அடி?

குகன் சேர், 8.09
உயரத்தில 3 மி.மீ. அரை மீற்றர் எண்டா 1 செ.மீ. 1.67 மீற்றர். மாதிரியில 1 மில்லி, அதாவது 1 கன செ.மீ., எண்டா வெளியில 10 × 10 × 1.67 மீற்றர், 167 கன மீற்றர். 250 மில்லி ஏறத்தாழ 41,700 கன மீற்றர். ஒரு ஏக்கர் அடி, அதாவது ஒரு ஏக்கரில ஒரு அடி ஆழத்துக்கு நிக்கிற தண்ணி, 1,233 கன மீற்றர். ஆக 34 ஏக்கர் அடி அண்ணை.

சிவம் அண்ணை, 8.11
அப்ப ஒரு சோடாப் போத்தல் தண்ணியில எங்கட சிறுபோகம் 😂

தர்சினி ரீச்சர், 8.18
துருசும் (தண்ணி திறந்து விடுற மதகு) வானும் (மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம்) களிமண் மாதிரியிலதான். முதல் துருசு. பப்பாசி இலைக் காம்பு உள்ளுக்க குழல். ரெண்டு நுனியையும் வெட்டிப்போட்டுக் கட்டுக்குள்ள அடியில வையுங்கோ. அண்டைக்கு வெட்டினதா இருக்கோணும், வாடினா சுருங்கிக் காம்பைச் சுத்தித் தண்ணி கசியும். பால் பட்டா கை கழுவோணும்.

சிவம் அண்ணை, 8.22
கசியேக்கையே பாடத்தைச் சொல்லுங்கோ ரீச்சர். உண்மையான கட்டிலயும் துருசைச் சுத்தித்தான் தண்ணி முதல் வழி தேடும். காம்பில ரெண்டு இடத்தில களியால தடிப்பா வளையம் போட்டா நிக்கும். வான் கட்டின்ர மேல்மட்டத்தைவிட 5 மி.மீ. பதிவா, ரெண்டு விரல் அகலம். ஒடுக்கமா விட்டுத் தண்ணியை வேகமா ஊத்தினா கட்டுக்கு மேலால பாயும், பாஞ்ச இடத்தில உடைக்கும். ஒருக்கா உடைக்க விட்டுப் பாருங்கோ.

சுபா, 8.24
வீடெல்லாம் சேறாகப்போகுது!

தர்சினி ரீச்சர், 8.26
வெளியில, கிணத்தடியில வைச்சு. மட்டையைக் கத்தரிக்கோலால பிள்ளை வெட்டட்டும், கத்தி எண்டா நீங்கள். புள்ளி வடிவுக்கில்லை. முடிஞ்ச மாதிரியைப் பார்த்துக் குறுக்குவெட்டுமுகம் கீறச் சொல்லுவன், அதுக்குத்தான்.

சிவம் அண்ணை, 8.30
மட்டை இல்லாத ஆக்கள் சொல்லுங்கோ. சங்கக் கடையில பிஸ்கட் பெட்டி ஐஞ்சாறு கிடக்கு, காலமை எடுத்து வைக்கிறன்.