திரைவாசிப்பானும் குரல்வழித் தட்டச்சும்: இரண்டையும் சேர்த்து இயக்குவது எப்படி?

வினா
எழுதியவர்: செவிவழி

அனைவருக்கும் வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். பதினொரு ஆண்டுகளாக விண்டோஸ் கணினியில் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில் என்பதால் நாள் முழுவதும் விசைப்பலகையே கதி என்று இருந்தவன். சில மாதங்களாக வலது மணிக்கட்டில் தசைநாண் அழற்சி ஏற்பட்டு, ஒரு பக்கம் தட்டச்சு செய்தாலே கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை வலி இழுக்கிறது. தட்டச்சைப் பெருமளவு குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் நான் பேசுவதைக் கணினியே எழுத்தாக்கும் குரல்வழித் தட்டச்சுக்கு மாற முயன்று வருகிறேன்.

மடிக்கணினியில் உள்ள ஒலிபெருக்கியையும் மைக்கையும் கொண்டுதான் தொடங்கினேன். விண்டோஸ் விசையுடன் எச் விசையை அழுத்திக் குரல்வழித் தட்டச்சைத் தொடங்கி, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றேன். எழுதப்பட்டதா இல்லையா என்பதே தெரியவில்லை. தட்டச்சு செய்யும்போது ஒவ்வோர் எழுத்தையும் சொல்லும் என்விடிஏ, குரலால் வந்து விழுந்த சொற்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. சரிபார்க்கலாம் என்று நடப்பு வரியைப் படிக்கச் செய்தேன். அது ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று படித்தது. திறந்தே இருந்த மைக் அதையும் என் பேச்சாகவே எடுத்துக்கொண்டு எழுதிவிட்டது. மறுபடி படிக்கச் செய்தபோது இரண்டு ஐயாக்கள், அதற்கடுத்த முறை நான்கு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ப்ளூடூத் ஹெட்செட்டை மாட்டினேன். எதிரொலி நின்றது, ஆனால் மைக் திறந்த நொடியிலேயே என்விடிஏயின் குரல் பழைய தொலைபேசியில் கேட்பதைப் போல அடைத்துக்கொண்டு, மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய முடியாமல் போயிற்று.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் இதை எவ்வாறு சமாளிக்கிறீர்கள்? இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நான் சொன்னது ஒன்றாகவும் எழுதப்பட்டது வேறாகவும் இருந்தால், காதால் கேட்டு மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? மெய்ப்புத் திருத்துபவன் பிழையோடு ஒரு கோப்பை அனுப்பக்கூடாது அல்லவா?

மறுமொழி 1
எழுதியவர்: இருசெவி

வணக்கம் நண்பரே. இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க முயல்வதுதான் இந்தச் சிக்கலின் வேர் என்பது என் அனுபவம். நீங்கள் பேசும்போது திரைவாசிப்பான் பேசக்கூடாது. அது பேசும்போது மைக் திறந்திருக்கக்கூடாது. ஐபோனில் உள்ள வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பான் இந்த ஒழுங்கைத் தானே கடைப்பிடிக்கிறது: எழுதும் பெட்டிக்குள் இருக்கும்போது இரண்டு விரல்களால் இருமுறை தட்டினால் மைக் திறந்து வாய்ஸ்ஓவர் அமைதியாகிவிடும், மீண்டும் அவ்வாறே தட்டினால் மைக் மூடிக்கொண்டு, எழுதப்பட்டது படித்துக் காட்டப்படும். கணினியில் இந்த முறைமாற்றத்தை நாமே செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு மிகவும் கைகொடுப்பது என்விடிஏயின் 2024.1 பதிப்பில் வந்த, கேட்டால் மட்டும் பேசும் நிலை. என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்செர்ட் விசை) எஸ் விசையை அழுத்தினால் பேச்சு நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். இந்த நிலையில் திரையில் எது மாறினாலும் அது தானாகப் பேசாது. வரியைப் படி, தலைப்பைச் சொல் என்று நீங்கள் கட்டளை கொடுத்தால் மட்டுமே பேசும். பேச்சை முற்றிலும் அணைத்துவிட்டு, மறுபடி இயக்க மறந்து, கணினியே நின்றுவிட்டதோ என்று திகைக்கும் நிலை இதில் வராது. நான் வாக்கியத்தை மனத்துக்குள் முழுமையாக அமைத்துக்கொண்ட பிறகே மைக்கைத் திறப்பேன். ஒன்று அல்லது இரண்டு வாக்கியங்கள் சொல்வேன். மைக்கை மூடிவிட்டு என்விடிஏ விசையுடன் மேல் அம்புக்குறியை அழுத்தி வரியைக் கேட்பேன். தொடக்கத்தில் இது ஆமை வேகமாகத் தோன்றும். ஆனால் எதிரொலியால் கெட்டுப்போன ஒரு பத்தியைச் சீர்செய்ய ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இதுவே விரைவான வழி.

குரலால் வரும் சொற்களை அது சொல்லாததற்கும் காரணம் உண்டு. விசைகள் அழுத்தப்படுவதைக் கவனித்துத்தான் திரைவாசிப்பான் தட்டச்சை நமக்குச் சொல்கிறது. குரல்வழித் தட்டச்சு பல இடங்களில் விசைப்பலகையைத் தொடாமல் சொற்றொடரை அப்படியே பெட்டிக்குள் செருகிவிடுவதால் சொல்வதற்கு அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. உங்கள் அமைப்பில் கோளாறு எதுவும் இல்லை.

ப்ளூடூத் பற்றி. அந்த ஹெட்செட் கணினியோடு இரண்டு விதமாக இணைய வல்லது. இசைக்கான இணைப்பில் ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் மைக் இயங்காது. மைக் தேவை என்றவுடன் கணினி அதை உரையாடலுக்கான இணைப்புக்கு மாற்றிவிடுகிறது. அதில் ஒலி பெரும்பாலும் வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருக்கப்படுகிறது. 8,000 என்றால் 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகள் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். ஸ, ஷ போன்ற உரசொலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. இணைப்பு மாறும் அந்தக் கணத்தில் நீங்கள் சொல்லும் முதல் சொல் விழுங்கப்படுவதும் உண்டு. யூஎஸ்பி வழியாக இணையும் கம்பி ஹெட்செட் ஒன்றை வாங்குங்கள். அதுவரை, ப்ளூடூத்தைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒலி அமைப்பில் உள்ளீட்டுக் கருவியாக மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் குரல் அடைத்துக்கொள்ளாது.

மறுமொழி 2
எழுதியவர்: ஆறுபுள்ளி

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர்மையான விடை: காதால் மட்டும் முடியாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு மாணவருக்காகக் கல்விக் கட்டண விலக்கு கோரி ஒரு விண்ணப்பத்தைக் குரல்வழியாக எழுதினேன். அனுப்பும் முன் மூன்று முறை படிக்கக் கேட்டேன். எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த அலுவலகத்திலிருந்து வந்த மறுமொழியில், விண்ணப்பத்தில் நான்கு இடங்களில் ‘கட்டண விளக்கு’ என்று இருப்பதாகவும், இனிமேல் எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதி அனுப்புமாறும் குறிப்பிட்டிருந்தார்கள். ஓர் எழுத்துக்காக என் எழுத்தறிவையே ஐயப்பட்டுவிட்டார்களே என்று அன்று எனக்குத் தாங்க முடியவில்லை. பார்வையுள்ளவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும் பிழை அது. என் திரைவாசிப்பானின் குரலில், நான் கேட்டுப் பழகிய வேகத்தில், விலக்கும் விளக்கும் ஒன்றாகவே ஒலித்தன. எழுதிக்கொடுத்த மென்பொருளுக்கும் அவை ஒன்றாகவே கேட்டிருக்கின்றன. படித்துக் காட்டும் குரலும் அதே இடத்தில் தடுமாறினால் பிழையைச் சுட்டிக்காட்ட யாருமே இல்லை.

அதன்பிறகு நான் கைக்கொண்ட வழிகளைச் சொல்கிறேன். ஐயமான எழுத்தின் மேல் கர்சரை நிறுத்தி, எண் விசைப்பகுதியில் 2-ஐ விரைவாக மூன்று முறை அழுத்துங்கள். மடிக்கணினி அமைப்பு என்றால் என்விடிஏ விசையுடன் முற்றுப்புள்ளி விசை. அந்த எழுத்தின் யூனிகோடு எண்ணை, அதாவது கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள தனி எண்ணை, என்விடிஏ சொல்லும். ல என்றால் 2994, ள என்றால் 2995, ழ என்றால் 2996. அதேபோல ர 2992, ற 2993. உச்சரிப்பு எவ்வளவு குழம்பினாலும் எண் குழம்பாது.

எழுத்தெழுத்தாகப் போவது ஒரு பக்கத்துக்கு மேல் நடவாது. அதற்கு என்விடிஏயின் பேச்சு அகராதியைப் பயன்படுத்துகிறேன். விருப்பங்கள் பட்டியலில் உள்ள பேச்சு அகராதிகளில் தற்காலிக அகராதி என்று ஒன்று உண்டு. அதில் ‘விளக்கு’ என்பதை ‘தீப விளக்கு’ என்று ஒலிக்கும்படி பதிந்து வைத்தேன். கோப்பில் எதுவும் மாறாது; படிக்கும் ஒலி மட்டுமே மாறும். விண்ணப்பத்தை மறுபடி படிக்கச் செய்தபோது ‘கட்டணத் தீப விளக்கு’ என்று பளிச்சென்று கேட்டது. பணி, பனி, கரை, கறை, அறம், அரம், ஒலி, ஒளி, ஒழி என்று உங்கள் துறையில் அடிக்கடி வரும் சொற்களுக்கு இவ்வாறு ஓர் அடையாளச் சொல்லைச் சேர்த்து வைக்கலாம். என்விடிஏயை மூடினால் தற்காலிக அகராதி அழிந்துவிடும் என்பதால், நிலையாக வேண்டியவற்றை இயல்பு அகராதியில் பதியுங்கள்.

ஒற்றுப்பிழைகளுக்கு இதுவும் உதவாது. ‘கட்டணச் சலுகை’ என்று நாம் சொன்னதை ஒற்றில்லாமல் எழுதினாலும், ‘சொல்லப்பட்டது’ என்பதை இரண்டாகப் பிரித்து ஒற்றை விட்டுவிட்டு எழுதினாலும் கேட்கும்போது பெரும்பாலும் வேறுபாடு தெரிவதில்லை. மெய்ப்புத் திருத்துபவர் என்று சொல்கிறீர்கள்; ஆகவே பிரெயில் தெரிந்தால், திரையில் உள்ள எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக விரலுக்கடியில் எழுப்பிக் காட்டும் பிரெயில் காட்டியை இரவல் வாங்கியாவது முயன்று பாருங்கள். ல-வுக்கு 1, 2, 3 புள்ளிகள். ள-வுக்கு 4, 5, 6. ழ-வுக்கு 1, 2, 3, 5, 6. விரலுக்கடியில் இவை மூன்றும் மூன்று வேறு பொருள்கள். விடுபட்ட ஒற்றும் விரலுக்கு உடனே தெரியும். மைக் திறந்திருக்கும்போதே ஓசையில்லாமல் படிக்க முடிவதால் முன்னவர் சொன்ன முறைமாற்றமும் தேவைப்படாது. மணிக்கட்டை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தால் வலியும் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 3
எழுதியவர்: நேர்வழி

கையை முழுவதுமாக விட்டுவிட்டு, கர்சரை நகர்த்துவது, திருத்துவது எல்லாவற்றையும் குரல் கட்டளைகளாலேயே செய்யலாமே. 1997-இல் டிராகன் என்னும் குரல்வழித் தட்டச்சு மென்பொருள் வந்த காலத்திலிருந்து கை இயங்காத பலர் கணினியை அவ்வாறுதான் நடத்துகிறார்கள். அதை ஜாஸ் திரைவாசிப்பானோடு இணைத்துவைக்கும் மென்பொருளும் உண்டு.

மறுமொழி 4
எழுதியவர்: இருசெவி

நேர்வழி அவர்களுக்கு: டிராகன் தமிழ் அறியாது. மேலும் இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் திருத்தத்துக்கான மாற்றுச் சொற்களைத் திரையில் எண்ணிட்டுக் காட்டி, எண்ணைச் சொல்லச் சொல்கின்றன. திரையைப் பார்க்க முடிந்தவருக்கு அது அருமையான ஏற்பாடு. நமக்கோ அந்த எண்களைத் திரைவாசிப்பான் படிக்க வேண்டும், படிக்கும்போது மைக் அதைக் கேட்க வேண்டும், மீண்டும் அதே சுழல்தான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு, கை அறவே இயங்காத நிலையில், அது தேவைப்படலாம். செவிவழி அவர்களுக்கு அம்புக்குறி விசைகளை அழுத்தும் அளவுக்குக் கை இயங்குகிறது என்பதால், எழுதுவதைக் குரலாலும் திருத்துவதை விசையாலும் செய்வதே நல்லது என்பேன்.

மறுமொழி 5
எழுதியவர்: ஒலிப்பேழை

இன்னொரு வழியும் உண்டு. நான் நேரடியாகக் கணினியில் சொல்வதே இல்லை. கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொண்டு, பிறகு விஸ்பர் என்னும் மென்பொருளைக் கொண்டு எழுத்தாக மாற்றுகிறேன். 2022 செப்டம்பரில் வெளியான இது, தமிழ் உட்படப் பல மொழிகளை அறியும். நம் கணினியிலேயே, இணையம் இல்லாமலும் இயங்கும். வாடிக்கையாளரின் மந்தணமான ஆவணங்களை வெளியே அனுப்ப வேண்டியதில்லை என்பது உங்கள் தொழிலுக்கு முக்கியம். பேசும்போது திரைவாசிப்பானே அருகில் இல்லாததால் குரல்கள் மோதிக்கொள்வதும் இல்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும். இது ஒலியை 30 வினாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. நீண்ட மௌனம் இருந்தால், நாம் சொல்லாத வாக்கியத்தைத் தானே இட்டு நிரப்புவதும், ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப எழுதுவதும் உண்டு. அந்த வாக்கியம் இலக்கணமாகவே இருக்கும் என்பதால், படிக்கக் கேட்கும்போது நாம்தான் சொன்னோம் போலும் என்று தோன்றிவிடும். யோசிக்க நேரம் வேண்டுமானால் பதிவை நிறுத்தி வைத்துவிட்டு யோசியுங்கள்.

மறுமொழி 6
எழுதியவர்: செவிவழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கம்பி ஹெட்செட் வாங்கி, கேட்டால் மட்டும் பேசும் நிலையில் வைத்து, நான்கு நாட்களாக எழுதி வருகிறேன். எதிரொலி அறவே இல்லை. நேற்று மூன்று பக்கங்கள் முடித்தேன். மாலையில் மணிக்கட்டு அமைதியாக இருந்தது. பேச்சு அகராதி என்னைக் காப்பாற்றிவிட்டது: ‘பணிக்காலம்’ என்று நான் சொன்னது ‘பனிக்காலம்’ என்று எழுதப்பட்டிருந்ததை அதனால்தான் பிடித்தேன். பிரெயில் காட்டிக்காக நண்பர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். சற்று நிறுத்திப் பேசினால் மைக் தானாக மூடிக்கொள்கிறது. கேட்டால் மட்டும் பேசும் நிலையில் அது எனக்குத் தெரிவதில்லை. ஒரு முழுப் பத்தியை வெறுங்காற்றில் பேசியிருக்கிறேன். சொன்ன வாக்கியங்கள் பிறகு அதே அமைப்பில் நினைவுக்கு வரவில்லை.

மறுமொழி 7
எழுதியவர்: இருசெவி

இரண்டு வாக்கியங்களுக்கு மேல் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். இழந்தாலும் அவ்வளவுதான் இழப்பீர்கள். அதோடு, ஒலிப்பேழை அவர்களின் வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யும் நேரம் முழுவதும் கைப்பேசியில் ஒலிப்பதிவு ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கட்டும். மைக் மூடிக்கொண்டது தெரியாமல் பேசிவிட்டால், அந்தப் பதிவில் சற்றுப் பின்னால் சென்று, ஒரு காதில் கேட்டுக்கொண்டே மறுபடி சொல்லிவிடலாம். நான் அவ்வாறுதான் செய்கிறேன்.