மாவுக்குள் கை, குழாயில் கை: எடிசனில் எனக்கு ஷாக் அடித்த கதை

கோவையிலிருந்து நியூ ஜெர்சியில் உள்ள எடிசனுக்குக் குடிவந்தபோது, 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரையும் 750 வாட் மிக்ஸியையும் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். இட்லி மாவுக்கு வேறு வழி இருக்காது என்று நினைத்தேன். ஊரில் 230 வோல்ட், இங்கே 120 வோல்ட் என்பது தெரியும். ஆனால் அதற்கு ஓர் அடாப்டர் போதும் என்றுதான் நம்பியிருந்தேன்.

அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அதை மாட்டி மிக்ஸியைப் போட்டேன். ஜார் மெதுவாகச் சுற்றியது, தேங்காய் போட்டதும் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. உடனே அணைத்துவிட்டதால் மோட்டார் பிழைத்தது. இதன் தலைகீழ் இன்னும் மோசம். தோழி ஒருத்தி இங்கே வாங்கிய 500 வாட் ரைஸ் குக்கரை மதுரையில் இருக்கும் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பானால் ஹீட்டர் இழுக்கும் வாட் நான்கு மடங்கை நெருங்கும். சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் புகை வந்துவிட்டதாம். நல்லவேளை, அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

சரி, வோல்டேஜைக் கூட்ட ஸ்டெப் அப் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினேன், 500 வாட். கிரைண்டர் 150 வாட்தான், எனவே தாராளமாக ஓடியது. கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கான ஹெர்ட்ஸ் ஊரில் 50, இங்கே 60 என்பதால் டிரம் ஊரில் சுற்றியதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். மாவு சூடாகாமலிருக்க ஐஸ் தண்ணீர் ஊற்றி ஆட்டுவேன். இப்படியே இரண்டு மாதம் போனது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. உளுந்து பொங்கி வந்துகொண்டிருந்தது. ஓடும்போதே வலது கையால் மாவை வழித்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் பிடிக்க இடது கையால் சிங்க் குழாயைத் தொட்டேன். தோள்வரை சுரீரென்று இழுத்தது. கையை உதறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தேன். என் மூன்று வயதுப் பையன் அப்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். இதை எழுதும்போதும் அதுதான் கண்ணில் நிற்கிறது.

பீளமேட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு ஃபோன் செய்தேன். வோல்டேஜைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "எர்த்து எங்க போகுது கண்ணு? அதை மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். கிரைண்டரில் மூன்று பின். ட்ரான்ஸ்ஃபார்மர் வயரிலும் மூன்று பின். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் பழசு, அந்தச் சுவரில் இரண்டு ஓட்டை பாயின்ட்தான் இருந்தது. மூன்று பின்னை அதில் நுழைக்க நான் மாட்டிய சின்ன அடாப்டரோடு எர்த் முடிந்துபோயிருந்தது. தண்ணீரும் மாவும் மோட்டார் பக்கம் கசிந்து, ஸ்டீல் பாடிக்குக் கரண்ட் வந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அது அந்த வயர் வழியாகவே போயிருக்கும். இல்லாததால் பாடியிலேயே காத்திருந்து, நான் குழாயைத் தொட்டதும் என் வழியாகப் போனது.

வீட்டு உரிமையாளரிடம் சொன்னோம். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் வயர் இழுத்து, சிங்க் பக்கத்தில் ஜி.எஃப்.சி.ஐ பாயின்ட் வைத்துக் கொடுத்தார். டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பட்டன் இருக்குமே, அதுதான். சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கரண்டைத் துண்டித்துவிடும். இதே வேலைக்கு ஊர் வீடுகளில் வைக்கும் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரில்தான் துண்டிக்கும்.

கிரைண்டரைப் பிரித்துக் காயவைத்து, தேய்ந்த வாஷரை மாற்றினோம். திரும்ப ஓட்டும் முன் கிரைண்டரை ட்ரான்ஸ்ஃபார்மரில் மாட்டியபடியே வைத்து, ட்ரான்ஸ்ஃபார்மர் ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைக் கிரைண்டர் பாடியிலும் மறுமுனையை ட்ரான்ஸ்ஃபார்மர் ப்ளக்கின் உருண்டையான எர்த் பின்னிலும் வைத்துப் பார்த்தேன். பீப் என்று கத்தினால் அதுவரை எர்த் தொடர்கிறது என்று அர்த்தம். முதல் தடவை கத்தவில்லை! ட்ரான்ஸ்ஃபார்மரின் சாக்கெட்டில் எந்த நாட்டு ப்ளக்கும் நுழையும், ஆனால் நம் ஊர் ப்ளக்கின் தடித்த எர்த் பின் உள்ளே எதையும் தொடவேயில்லை. அந்த ட்ரான்ஸ்ஃபார்மரை ஒதுக்கிவிட்டு, நம் ஊர் மூன்று பின் சரியாக உட்காரும் வேறொன்றை வாங்கினேன். அதில் பீப் வந்தது.

மிக்ஸியை அதில் போடுவதில்லை. 750 வாட் மோட்டார் கிளம்பும்போது இன்னும் அதிகமாக இழுக்கும், அதற்குக் குறைந்தது 1500 வாட் ட்ரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அந்தக் கனத்தையும் விலையையும் பார்த்துவிட்டு, இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் இங்கத்திய வோல்டேஜுக்கென்றே வரும் நம் ஊர் மிக்ஸியை வாங்கிக்கொண்டேன். புதிதாகக் கிளம்புகிறவர்கள் கேட்டால் கிரைண்டரையும் அப்படியே இங்கே வாங்கச் சொல்கிறேன். லேப்டாப், ஃபோன் சார்ஜர்களில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தால் அடாப்டர் மட்டும் போதும்.

போன வாரம் பக்கத்து பிளாக்கில் சேலத்துப் பெண் ஒருத்தி குடிவந்தாள். பால் காய்ச்சப் போயிருந்தேன். சமையலறை மேடையில் அதே மாதிரி கிரைண்டர், சுவரில் அதே மாதிரி சின்ன அடாப்டர். காபியைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கழற்றினேன்.