அறுபதுக்கு மேல் உடம்போடு போராடலாமா?

கடையூரான் எழுதியது:
திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் ஒரு நல்ல நாளில் போய் நின்றால் மனசு நிறையும். இந்தப் பக்கம் அறுபதாம் கல்யாணம், அந்தப் பக்கம் எழுபதுக்குப் பீமரத சாந்தி, சற்றுத் தள்ளி எண்பதைக் கடந்தவருக்குச் சதாபிஷேகம். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறார்கள். அப்போது சிலருடைய நெற்றியோரம் கருப்பாக ஒரு கோடு இறங்கும். முந்தின நாள் அடித்த சாயம். அறுபது நிறைந்ததற்கு நன்றி சொல்ல வந்த இடத்தில் அந்த அறுபதை ஏன் மறைக்கிறோம் என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

சாயம் சின்ன விஷயம், அதற்குப் பின்னால் இருக்கும் பயம்தான் பெரிது. நரையும் முட்டி வலியும் மங்கும் பார்வையும் "போதும், இனி உள்ளே திரும்பு" என்று ஆண்டவன் நமக்குச் சொல்லி அனுப்புவது. காரைக்கால் அம்மையார் இளமை இருக்கும்போதே இந்தத் தசை வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கினார். நாமோ தானாக வரும் முதுமையைக்கூட வாங்க மறுத்து, பரிசோதனை, ஊசி, மூட்டு மாற்று என்று கடைசிவரை உடம்புக்கே ஊழியம் செய்கிறோம். அறுபதுக்கு மேல் உடம்பை அதன் போக்கில் விட்டுவிடுவதுதான் பக்குவம். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா எழுதியது:
மறுக்கிறேன் அய்யா. சாயம் அவரவர் இஷ்டம், அதை விடுங்கள். மூட்டு மாற்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தீர்களே, அதற்குத்தான் எழுதுகிறேன். எலும்பு முறிவு வார்டில் நர்சாக இருக்கிறேன். எங்களிடம் வரும் அம்மாக்களுக்குக் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசி, கால் வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்திருக்கும். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகப் பயந்து சாயந்திரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருப்பார்கள். அதனால் சிறுநீரில் தொற்று, காய்ச்சல். இந்த நிலையில் எந்த மனசு உள்ளே திரும்பும்? வலிக்கிற இடத்தைவிட்டு ஒரு நிமிஷம்கூட நகராது.

"வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் தைலம் வாங்கிக் கொடுத்தே வருஷத்தை ஓட்டியிருப்பார்கள். இப்போது அரசு மருத்துவமனைகளிலேயே மூட்டு மாற்றுகிறார்கள். கண்புரைக்குப் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பார்வை வந்தால் தேவாரப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படிக்கலாமே.

வலியை அப்படியே ஏற்கத்தான் வேண்டும் என்றால் அப்பர் என்ன செய்தார்? திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகமே சூலை நோய், அதாவது கொடிய வயிற்று வலி, பொறுக்க முடியவில்லை, தீர்த்துவிடு என்ற கெஞ்சல்தான்.

கடையூரான் எழுதியது:
அக்கா, அவர் ஆண்டவனிடம் கேட்டார். மருத்துவமும் மந்திரமும் பார்த்துத் தீராமல்தான் தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார். முதுமையில் அவர் எப்படி இருந்தார் என்றும் பாருங்கள். கயிலைக்குப் போகும் வழியில் கால் தேய்ந்தது, கையை ஊன்றினார். கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் முடியாமல் உருண்டார். "திரும்பிப் போ" என்று சொன்ன முனிவரிடம் மறுத்துவிட்டார். உடம்பு போனால் போகட்டும் என்ற அந்த உறுதியைத்தான் நான் சொல்கிறேன்.

வார்டு அக்கா எழுதியது:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் அய்யா. அடுத்து என்ன நடந்தது? "எழுந்திரு" என்று குரல் வந்தது, தீங்கு நீங்கிய உடம்போடு எழுந்தார் என்றுதானே சேக்கிழார் பாடுகிறார்? தேய்ந்த கையையும் காலையும் திருப்பிக் கொடுத்துத்தான் சிவன் அவரைத் திருவையாற்றுக்கு அனுப்பினான். அதற்குப் பிறகும் திருப்புகலூரில் உழவாரத்தைப் பிடித்துப் புல் செதுக்கினார். 81 வயது வரை வாழ்ந்தவர் என்கிறார்கள். கை கால் விளங்கியதால்தானே அந்தத் தொண்டு நடந்தது?

வடலூர் வழி எழுதியது:
நீங்கள் இருவருமே மூப்பு வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வள்ளலார் அதையே ஒப்பவில்லை. நரை, திரை, மூப்பு, மரணம் நான்கையும் வெல்லலாம் என்றார். அதற்கு மரணமிலாப் பெருவாழ்வு என்று பெயர் கொடுத்தார். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் திருக்காப்பிட்டுக்கொண்டார், அதாவது கதவை அடைத்துக்கொண்டார். கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் சாப்பிடச் சொன்னவர் அவர். உடம்பைக் காப்பது அவருக்கு வழிபாட்டின் ஒரு பகுதி.

கடையூரான் அய்யாவுக்கு இன்னொன்று. உங்கள் திருக்கடையூரிலேயே சிவன் எமனை உதைத்து மார்க்கண்டேயரை என்றும் பதினாறாக்கினான். மூப்பே வராத ஒருவரை நினைத்துக் கொண்டாடும் தலத்தில் நின்றுகொண்டு மூப்பை ஏற்கச் சொல்கிறீர்கள்.

கடையூரான் எழுதியது:
மார்க்கண்டேயர் இளமை கேட்டு லிங்கத்தைக் கட்டிப்பிடிக்கவில்லை. பூசையில் இருந்தார், பாசக்கயிறு வந்தது, பிடித்துக்கொண்டார். பதினாறு அவன் கொடுத்தது. வள்ளலார் வழி பெரியது, நான் வணங்குகிறேன். ஆனால் அந்த ஜீவகாருண்யத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் காயகல்பம் என்று பாட்டிலில் விற்கிறவர்களை நம்பித்தான் நம் ஆட்கள் காசைத் தொலைக்கிறார்கள். ரமணரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் புற்றுக்கட்டி. அதைப் பற்றி ஒரு புலம்பல் உண்டா? பார்க்கிறவர்கள்தான் அழுதார்கள்.

மாடவீதி எழுதியது:
திருவண்ணாமலைக்காரி நான், வயது 72. இங்கே எல்லாரும் எங்களைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் நானும் சொல்லிவிடுகிறேன்.

பகவான் ரமணர் புலம்பவில்லை, உண்மை. ஆனால் 1949இல் மட்டும் அந்தக் கைக்கு நாலு முறை அறுவை சிகிச்சை. டாக்டர் வந்தாலும் வைத்தியர் வந்தாலும் கையை நீட்டினார். எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை, உங்கள் திருப்திக்குச் செய்யுங்கள் என்கிற மாதிரி இருந்தார். 1950 ஏப்ரல் 14இல் உடம்பை விட்ட அன்றைக்குக்கூட ஜனங்களுக்குத் தரிசனம் நிறுத்தவில்லை. இதில் எது ஏற்பு? சிகிச்சையை உதறியதா, கையை நீட்டியதா? என்னைக் கேட்டால், அவருக்கு இரண்டும் ஒன்றாக இருந்ததுதான் ஏற்பு.

அப்புறம் இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். "விட்டுவிடுவதே பக்குவம்" என்று ஒரு கிழவி தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது ஆன்மிகம். அவள் பிள்ளை சொன்னால் செலவு மிச்சம். என் கணவர் போன பிறகு கலர் புடவை எதற்கு, கொலுவில் பாட்டு எதற்கு, காது மிஷின் எதற்கு, நாமத்தைச் சொல்லிக்கொண்டு மூலையில் இருங்களேன் என்று எத்தனை பேர் எனக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தார்கள்! மிஷினை வாங்கி மாட்டிக்கொண்டேன். இப்போது ஓதுவார் பாடுவது காதில் விழுகிறது. தலைக்குச் சாயம் அடிப்பதில்லை. அதுவும் என் இஷ்டம்தான்.

கடையூரான் எழுதியது:
அம்மா, நான் யாருக்கும் மூலையைக் காட்டவில்லை. எனக்கும் 63 ஆகிறது, எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். வலி இல்லாமல் செய்துகொண்ட உடம்பை வைத்துக்கொண்டு எத்தனை பேர் ஓதுவார் பாட்டைக் கேட்கப் போகிறார்கள்? பெரும்பாலும் டிவி சீரியல்தான். அந்த இடத்தில் என் வாதம் நிற்கிறது.

மாடவீதி எழுதியது:
சீரியல் பார்க்கட்டுமே தம்பி. நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவள் கொஞ்ச நாள் காலை நீட்டி உட்காரட்டும். அவள் எப்போது உள்ளே திரும்புவாள் என்பதை நீங்களும் நானும் எப்படித் தீர்மானிப்பது?

வார்டு அக்கா எழுதியது:
கடையூரான் அய்யா, 63 என்கிறீர்கள். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? படி இறங்கும்போது வலிக்கிறதென்றால் இப்போதே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஆரம்பக் கட்டம் என்றால் தொடைத் தசைக்கான பயிற்சியும் எடை குறைப்புமே பல பேருக்குப் போதும், கத்தி வைக்க வேண்டியிருக்காது.