கனெக்டிகட் கடலோரத்தில் குடியேறுகிறவர்களுக்கு: உண்ணியும் லைம் நோயும்

கேள்வி: எல்லோருக்கும் வணக்கம். ஜூனில் குரோட்டனில் வேலைக்குச் சேர்கிறேன். மனைவியும் ஐந்து வயது மகளும் கூடவே வருகிறார்கள். பிடித்துப்போன வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரே காடு. அலுவலகத்தில் ஒருவர் "அங்கேயா? லைம் வருமே" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கம் இல்லை. வீட்டை மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, வீடெல்லாம் மாற்ற வேண்டாம். கிரீன்விச்சிலிருந்து ஸ்டோனிங்டன் வரைக்கும் இந்தக் கரையில் உண்ணி இல்லாத ஊர் கிடையாது. உண்ணி கடித்துக் கிருமி ஏறி வருவதுதான் லைம் நோய். அதற்குப் பெயர் கொடுத்த லைம் என்ற ஊரே உங்களுக்கு அரை மணி நேரக் கார் தூரத்தில்தான் இருக்கிறது. 1975 வாக்கில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியது. தாய்மார்கள் விடாப்பிடியாகக் கேட்டதால்தான் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய வந்தார்கள். கிருமி இன்னதென்று தெரிய 1982 ஆகிவிட்டது. இன்றைக்கு அமெரிக்கா முழுக்க ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் லைமுக்கு மருந்து எடுத்துக்கொள்வதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி மதிப்பிடுகிறது. இங்குள்ள மருத்துவர்களுக்கு இது அன்றாட நோய். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

முதலில் எதைத் தேடுவது என்று தெரிய வேண்டும். ஊரில் மாட்டுக் காதில் பார்த்த கொழுத்த உண்ணியை நினைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கண்ணில் படாது. மே முதல் ஜூலை வரை திரிவது குஞ்சு உண்ணி, கசகசா அளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோய் அதிகம் வருவதும் இந்த மாதங்களில். பெரிய உண்ணி அக்டோபர், நவம்பரில் வரும். பனிக்காலத்தில்கூட வெப்பம் நாலு டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கிளம்பிவிடும்.

எல்லோரும் மானைத் திட்டுவார்கள். மான் வளர்ந்த உண்ணிக்குச் சோறு போடுகிறது, அவ்வளவுதான். உண்ணிக்குள் கிருமியை ஏற்றிவிடுவது வெள்ளைக்கால் எலி. இங்கே வீட்டுக்கு வீடு பழைய கற்சுவர் இருக்கும், எலிக்கு அதுதான் மாளிகை. ஆகவே மகளின் ஊஞ்சலைக் கற்சுவர், விறகுக் குவியல், காட்டோரம் மூன்றையும் விட்டுத் தள்ளி, வெயில் படுகிற இடத்தில் போடுங்கள். உதிர்ந்த இலையை வாரிவிடுங்கள். புல்வெளிக்கும் காட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு மரச்சீவல் கொட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டுப்பாருங்கள். உண்ணிக்கு ஈரம் வேண்டும், காய்ந்த இடத்தைக் கடக்கத் தயங்கும்.

கடற்கரைக்குத் தாராளமாகப் போகலாம். ஹாமனாசெட், ராக்கி நெக் இரண்டிலும் காய்ந்த மணலில் பயமில்லை. மணலுக்குப் போகும் பாதையின் இருபுறமும் நிற்கிற உயரப் புல்தான் வில்லங்கம். உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து விழவும் செய்யாது. புல் நுனியில் காலை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிறவர் மேல் ஏறிக்கொள்ளும். பாதை நடுவில் நடந்தாலே பாதி வேலை முடிந்தது.

மிச்சப் பாதி தினமும் உடம்பைச் சோதிப்பது. நான் சொல்வதில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உண்ணி கடித்ததும் கிருமி இறங்கிவிடாது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. வெளியே போய்வந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிப்பது நல்லது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப்பாருங்கள். முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, தொப்புள், அக்குள், காதின் பின்புறம், முடி ஓரம். நேற்று இல்லாத சின்ன முடிச்சு ஒன்று விரலில் தட்டினால் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், உண்ணியென்றால் அதன் கால்கள் தெரியும். பின்னல் போடும் பிள்ளையென்றால் அவிழ்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். போட்டிருந்த துணியைத் துவைப்பதற்கு முன்னாலேயே டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். துவைத்துக் கொடியில் போட்டால் உண்ணி சாகாது.

ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். வாசலின், தீக்குச்சி, நகப்பாலிஷ் எதுவும் வேண்டாம். எடுத்ததை மூடும் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நியூ ஹேவனில் உள்ள மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் அதைச் சோதித்துச் சொல்வார்கள். ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். லைமைப் பரப்புகிற மான் உண்ணி ஒன்றரை நாளுக்கு மேல் ஒட்டியிருந்திருக்கும் என்று தோன்றினால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்துத் தடுக்க முடியும். புதிதாக வந்தவர்களுக்குக் குடும்ப மருத்துவர் கிடைக்கவே நாளாகும். உடனே போய்க் காட்டக்கூடிய அர்ஜென்ட் கேர் மருத்துவமனை போதும், எமர்ஜென்சிக்கு ஓடிப் பெரிய பில் வாங்காதீர்கள்.

அப்புறம், லைம் வந்தால் தோலில் எழும் தடிப்பு. இணையத்தில் காட்டுகிற படமெல்லாம் வெள்ளைத் தோலில் வளையம் வளையமாக இருக்கும். நிறையப் பேருக்கு வளையமே வராது. நம் நிறத்தில் அது கன்றிப்போன அடி மாதிரி, கொஞ்சம் கருஞ்சிவப்பாக மட்டும் தெரியலாம். மூன்று நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வந்து நாளுக்கு நாள் பரவும். சுற்றிப் பேனாவால் கோடு போட்டுத் தினமும் படம் எடுங்கள், மருத்துவரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. சுமார் நாலில் ஒருவருக்குத் தடிப்பே வருவதில்லை. அதனால் கோடையில் இருமல் சளி இல்லாமல் காய்ச்சல், உடம்புவலி என்றாலும் போய்க் காட்டுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ எமர்ஜென்சிதான்.

கேள்வி: அக்கா, என் அப்பா அம்மா மே மாதம் வந்து ஆறு மாதம் இருக்கப் போகிறார்கள். அப்பா சும்மா உட்காரவே மாட்டார், தோட்ட வேலைதான். முதல் வாரத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமா?

பதில்: கடித்த உடனே ரத்தம் எடுத்துப் பயனில்லைம்மா. எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரம் ஆகும், அதற்குள் எடுத்தால் இல்லை என்றே வரும். தடிப்பு இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவார்கள்.

அப்பாவைச் செருப்போடு புல்லில் இறங்க விடாதீர்கள். ஷூ, முழுக்கால் சட்டை, அதன் மேல் இழுத்துவிட்ட சாக்ஸ். கேலி செய்வார், செய்யட்டும். ஷூவுக்கும் துணிக்கும் 0.5% பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக் காயவைத்தால் பல சலவை தாங்கும். தோலில் மட்டும் படக் கூடாது, வீட்டில் பூனை இருந்தால் காயும்வரை கிட்டே விடாதீர்கள். முதுகை யாராவது பார்க்க வேண்டும். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள், அம்மாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

வருகையாளர் காப்பீடு வாங்கும்போது தேதியில் இடைவெளி விழாமல் பாருங்கள். இன்னொன்று, ஊர் திரும்பிய சில வாரங்களில் காய்ச்சலோ மூட்டு வீக்கமோ வந்தால் அங்கே முதலில் டெங்கு, டைபாய்டு என்றுதான் தேடுவார்கள். லைம் அங்கே யாருக்கும் சட்டென்று தோன்றாது. கனெக்டிகட்டில் இருந்தோம், உண்ணி கடித்தது இன்ன தேதி என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் மருந்துப் பையில் வைத்து அனுப்புங்கள்.