ஒரே எஃகு, இரண்டு கத்தி: ஒன்று விரிசல் விட்டது, ஒன்று மடங்குகிறது

கேள்வி:
வணக்கம். 3 மி.மீ. கனமுள்ள 1095 (கார்பன் மிகுந்த எஃகு வகை) பட்டை ஒன்றில் இரண்டு கத்தி செய்தேன். காந்தம் ஒட்டாமல் போகும்வரை காய்ச்சி, முதலாவதைத் தண்ணீரில் விட்டேன். 'டிங்' என்று சத்தம். வாயிலிருந்து முதுகுவரை மயிரிழை விரிசல். பயந்துபோய் இரண்டாவதைச் சமையல் எண்ணெயில் தோய்த்தேன். விரிசல் இல்லை. ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். மரம் செதுக்கினால் கூர் மடங்கிவிடுகிறது, அரம் போட்டாலும் சறுக்காமல் பிடிக்கிறது, அதாவது எஃகு இறுகவில்லை. எங்கே தவறினேன்?

பதில் 1:
தம்பி, 1095-க்கு நேரமே எதிரி. தோய்க்கும்போது ஏறக்குறைய 540 டிகிரியை அது ஒரு நொடிக்குள் தாண்ட வேண்டும். தாமதித்தால் மார்ட்டென்சைட் என்ற கடின அமைப்புக்குப் பதில் பெர்லைட் என்ற மென்மையான அமைப்பு உருவாகிவிடும். உங்கள் எண்ணெய் குளிர்ந்திருந்ததா? 50 டிகிரிக்குச் சூடாக்கினால் இளகி, வேகமாகச் சூட்டை இழுக்கும். தண்ணீரோ மிக வேகம். நீராவிப் படலம் அங்கங்கே உடைவதால் ஒரு பக்கம் முந்திச் சுருங்கும், அலகு விரிசல் விடும்.

காந்தம் விடுவது 770-ல். இன்னும் கொஞ்சம் ஏறி 800 வேண்டும். கண் மதிப்பில் அங்கே நிறுத்துவதுதான் கடினம், நானும் பல அலகுகளை அதில் இழந்திருக்கிறேன்.

அரம் பிடிப்பதை உடனே நம்ப வேண்டாம். உலையில் மேல்தோல் கார்பனை இழந்திருக்கும். கொஞ்சம் சாணை பிடித்துவிட்டு மறுபடி அரம் போடுங்கள். அப்புறம், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரிசல் விட்ட கத்தியைத் துணியில் சுற்றி உடையுங்கள். முறிவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எண்ணெய் குளிர்ந்துதான் இருந்தது, அண்ணே. சாணை பிடித்த பிறகும் அரம் பிடிக்கிறது. முறிவு சர்க்கரைப் பரல் மாதிரி மினுங்குகிறது.

பதில் 1:
அப்படியென்றால் அதிகமாகக் காய்ந்துவிட்டது, எஃகுக்குள் இருக்கும் மணிகள் (நுண்ணிய படிகங்கள்) பெருத்துவிட்டன. நல்ல முறிவு சாம்பல் நிறத்தில் பட்டுபோல் இருக்கும். இரண்டாவது கத்தியும் அதே உலையில் காய்ந்ததுதானே? அதைத் தூக்கிப் போடாதீர்கள். காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள். 870, 820, 770 என்று சூட்டைப் படிப்படியாகக் குறைத்து மூன்று முறை. மணி சிறுத்துவிடும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: மணி சிறுத்த எஃகு இன்னும் வேகமான தோய்ச்சல் கேட்கும். அதனால் இந்த முறை எண்ணெயைச் சூடாக்காமல் இறங்கவே வேண்டாம். முடிந்தால் வேகமான தோய்ச்சல் எண்ணெயே வாங்கிவிடுங்கள்.

தோய்த்து, கையில் பிடிக்கும் சூட்டுக்கு வந்ததும் உடனே ஓவன். 200 டிகிரி, இரண்டு மணி நேரம், இரண்டு முறை. ஓவன் காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள். ஓவன் சூட்டில் எஃகின் மேல் வரும் வைக்கோல் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேரம் கூடினாலும் நிறம் ஏறும்.

பதில் 2:
அடுத்த கத்திக்கு 1084 என்ற எஃகு வகையை எடுங்கள். கார்பன் ஏறக்குறைய 0.84 சதவீதம். 815 டிகிரியில் காய்ச்சி, சூடான சமையல் எண்ணெயில் விட்டாலே நன்றாக இறுகும். சாதாரண உலைக்கு அதுதான் பொருத்தம்.

கேள்வி கேட்டவர்:
நாளை இதையே மறுபடி காய்ச்சுகிறேன். முதுகு மெதுவாக ஆறி மென்மையாக இருக்க, அதற்குக் களிமண் பூசலாமா?

பதில் 1:
இப்போது வேண்டாம். முதலில் வாய் முழுக்க அரம் சறுக்கட்டும்.