மிச்செல் 300: கைப்பிடி கனக்குது, பெயில் கம்பி மூட மாட்டேங்குது

கேள்வி (சுங்கை சிப்புட்):
அண்ணன்மாரே, மீன் பிடிக்கிற தூண்டில் ரீல், பழைய மிச்செல் 300 ஒண்ணு கைக்கு வந்திருக்கு. சுற்றினா கனக்குது. பெயில் கம்பி, அதான் தூண்டில் நரம்பை வாங்கிச் சுற்றுற வளைகம்பி, மூடும்போது பாதியிலே நின்னுடுது. பின்சுழற்சித் தடையைப் போட்டாலும் சில நேரம் கைப்பிடி பின்னுக்கு ஓடுது. ஸ்பிரே அடிச்சேன், ஒரு நாள் நல்லா இருந்தது, மறுநாள் பழையபடி. பாகம் மாற்றணுமா?

பதில் 1:
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உள்ளே பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகியிருக்கும். ஸ்பிரே அதை இளக்கும். ஆவியானதும் மறுபடி பிடிச்சுக்கும். பின்னுக்கு ஓடுறதும் அதனாலேயே இருக்கலாம்: தடை நாக்கு கிரீஸில் ஒட்டிக்கிட்டு, பல்லுக்குள் விழாம நிக்கும்.

ஸ்பூலை, அதான் நரம்பு சுற்றியிருக்கிற உருளையை, கழற்றி, பக்கத் தட்டைத் திறங்க. ஸ்குரூ டிரைவர் நுனி ஸ்குரூ தலைக் காடியில் ஆடாம உட்காரணும். ஆடினா காடி சிதைஞ்சு, சேகரிக்கிறவங்க கண்ணுக்கு முதல்ல அதுதான் தெரியும். ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னாடி ஒரு படம் எடுங்க, முட்டைத் தட்டில் வரிசையா வைங்க. தாள் மாதிரி மெல்லிய வாஷர் இருந்தா பத்திரம். பல்சக்கர இடைவெளியே அதை நம்பித்தான் நிக்குது.

உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊற வச்சு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்ங்க. டிராக் வாஷரை (மீன் இழுக்கும்போது நரம்பு ஓடுற இறுக்கத்தைத் தர்றது) அதில் போடாதீங்க, உலர்ந்த துணி போதும். வெளியே தின்னர் படவே கூடாது. அந்தக் கறுப்புப் பெயிண்ட் போனா திரும்ப வராது.

காய்ஞ்சதும் பல்லுக்கு மெல்லிசா கிரீஸ். நாக்குக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
பெயில் ஸ்பிரிங் முறியறது இந்த ரீலோட பழைய வியாதி. கழற்றும்போது மேலே துணி போட்டு மூடிக்குங்க, தெறிச்சிடும். முழுசா இருந்தா பெயில் மூட்டுப் பகுதியை மட்டும் சுத்தம் பண்ணுங்க. நரம்பு உரசுற இடத்துல பஞ்சை இழுத்துப் பாருங்க; நூல் மாட்டினா அங்கே பள்ளம் விழுந்திருக்கு. பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் தோமான் மீனை இழுக்கும்போது நரம்பு அங்கேதான் அறும்.

கேள்வி கேட்டவர்:
ஸ்பிரிங் முழுசா இருந்தது. தடையும் சரி, பெயிலும் 'டக்'னு மூடுது. ஆனா சுற்றும்போது ஒரு சின்ன 'டொக்'.

பதில் 1:
எண்ணிப் பாருங்க. கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஒரே டொக்னா பெரிய பல்சக்கரம். மூணு நாலு தடவைன்னா ரோட்டர் (பெயிலோட சேர்ந்து சுழல்ற தலை) பக்கம்.

கேள்வி கேட்டவர்:
ஒரே டொக்.

பதில் 1:
அப்போ பல்குச்சியால் ஒவ்வொரு பல்லிடுக்கையும் சுரண்டுங்க. முனை உடைஞ்ச பல் இருந்தா நகம் தடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஒரு இடுக்கில் மிளகு அளவு காய்ஞ்ச கிரீஸ் இருந்தது, எடுத்தாச்சு. சத்தமே இல்லை. நன்றி அண்ணே!

பதில் 2:
எடுத்து வைக்கும்போது டிராக் குமிழைத் தளர்த்திடுங்க. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீங்க, நம்ம ஊர் ஈரத்துக்குத் துரு ஏறிடும்.